ஓடி வந்தவனுக்குப் போர்த்திய பொன்னாடை

தம்பி,

நீ பெல்மதுளைக்குச் சரக்கு ஏற்றப் போயிருக்கிறாய். சாயந்தரம்தான் திரும்புவாய். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று கடைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கடையில் நின்றுகொண்டு, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். நேரில் பேச ஆரம்பித்தால் நீ தராசைத் துடைக்கப் போய்விடுகிறாய். இல்லாவிட்டால் யாராவது நெத்தலி கேட்டு வந்து நிற்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் எனக்கே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. வியாபாரத்தில் எவனிடமும் நான் சுற்றி வளைத்துப் பேசியதில்லை. பெற்ற பிள்ளையிடம் மட்டும் அது வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் வைக்கப்போகிறேன். முதலில் நீ படி. பிறகு யாருக்குக் காட்டுவது, காட்டாமல் விடுவது என்பதை நீயே முடிவு செய்துகொள். யார் படித்தாலும் எனக்குக் கூச்சம் இல்லை.

கடைச் சாவியைக் கேட்டாய். இனிமேல் கடலுக்குப் போகவில்லை, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது தர மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. நீ கேட்டது நான் எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேல் தட்டில் இருக்கும் மூட்டையை இறக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. றக்வான டவுனில் ஒரு பொம்பிளை தனியாகக் கருவாட்டுக் கடை நடத்துகிறாள் என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று எனக்குப் பிறகு இந்தக் கடை யாருக்கு என்று கேட்கிறார்கள். நீ சாவி கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த சாவியை எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டேன். அதை உன்னிடம் நீட்டாமல் மறுபடி இடுப்பில் சொருகியது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது நம்ம தேயிலைத் தோட்டத்தில் சுறாப் படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், உன் அப்பாவும் பேக்டரி ஆட்களும் சேர்ந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னல்களுக்குக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைத் தொங்கவிட்டார்கள். வெள்ளைக்காரன் எடுத்த படம். தமிழில் பேச வைத்திருந்தார்கள். கடலில் இருக்கிற சுறா ஆற்று வழியாக ஏறி ஊருக்குள்ளேயே வந்துவிடும். மூன்று பேர் ஒரு படகில் மாட்டிக்கொள்வார்கள். அதில் ஒருத்தன் மற்ற இரண்டு பேரையும் விட்டுவிட்டு நீந்தித் தப்பிக்கப் பார்ப்பான். சுறா அவனைத்தான் முதலில் பிடிக்கும். லயத்து வீட்டுச் சனமே கைதட்டியது. நீ அப்பா தோளில் உட்கார்ந்து, எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினாய். நானும் தட்டினேன். விட்டுவிட்டு ஓடியவனுக்கு நல்லா வேணும் என்று எனக்கு முன்னால் இருந்த கிழவி சொன்னாள். அன்று அது எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஒரு வாரத்துக்கு யாரும் ஆற்றில் குளிக்கவில்லை. கடல் எங்கே இருக்கிறது, றக்வான எங்கே இருக்கிறது? ஆனாலும் படத்தில் ஆற்று வழியாக வந்ததே! தண்ணீர் விழும் பீலியில் பொம்பிளைகள் வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். அதைவிடப் பெரிய அடி எனக்குத்தான். அப்போது எனக்குக் கடை இல்லை. சம்பள நாளில் ஆபீசுக்கு வெளியே சாக்கை விரித்து யாவாரம் செய்வேன். அந்த மாதம் பார்த்து நல்ல சுறாக் கருவாடு இறக்கியிருந்தேன். ஒருத்தியும் தொடவில்லை. மாரியாயி, நம்ம லயத்துக்காரி, என்னிடம் நீட்டி முழக்கிக் கேட்டாள்: "மனுசனத் தின்ன மீன நாங்க எப்படி அக்கா திங்கிறது?" நான் சொன்னேன்: "இது சின்னச் சுறாடி. பள்ளிக்கூடம் போற வயசு. இன்னும் மனுசனத் திங்கப் பழகல." சிரித்தாள், ஆனால் வாங்கவில்லை. சிங்கள ஆட்கள் மட்டும் சுறாக் கருவாட்டை 'மோர கரவல' என்று கேட்டுக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள். அடுத்த நாள் ஒரு அடுப்பைக் கொண்டுபோய் லயத்து வாசலிலேயே மூட்டினேன். மிளகும் பூண்டும் அள்ளிப்போட்டுச் சுறாக் குழம்பு வைத்தேன். பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகாத ஒருத்தி அங்கே இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா கொடுக்க வேண்டும் என்பது அவள் மாமியாருக்கும் தெரியும், ஆனால் படம் பார்த்த பயத்தில் கொடுக்காமல் வைத்திருந்தாள். அவளுக்கு ஒரு தட்டுப் போட்டுக் கொடுத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாசனை லயத்தைச் சுற்றியது. பொழுது சாய்வதற்குள் பாதி மூட்டை போய்விட்டது. உன்னைப் பெற்றபோது நானும் அதைத்தான் தின்றேன். நீ சுறாவில் ஊறிய பால் குடித்து வளர்ந்தவன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்ம சனத்துக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது இரண்டே வழியில். ஒன்று படம், மற்றது கருவாடு. இரண்டிலும் உயிர் கிடையாது. நீ ஓ லெவல் சோதனை எழுதிவிட்டு, கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது நான் சண்டை போட்டேன். "கடல்ல என்னடா இருக்கு? கருவாடுதான் இருக்கு. அது இங்கேயே லொறியில வந்து இறங்குது." நீ சொன்னாய்: "அம்மா, நீங்க பார்க்கிறதெல்லாம் செத்தது." போனாய். கோப்பை கழுவினாய். வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்று அலையில் வழுக்கி வருவதைப் பார்த்து நீயும் கற்றுக்கொண்டாய். பிறகு அதைச் சொல்லிக் கொடுப்பவனாகவே ஆகிவிட்டாய். மலையில் பிறந்த பிள்ளை கடலில் நின்று வெளிநாட்டுக்காரனுக்குப் பாடம் எடுக்கிறான் என்று உன் அப்பா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை.

ஒரு தடவை உன்னைப் பார்க்க வந்தேனே, அன்று கரையில் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து நீ பாடம் எடுப்பதைப் பார்த்தேன். நீ யாரையும் உடனே தண்ணீருக்குள் விடவில்லை. மணலில் உட்கார வைத்து வெகுநேரம் பேசினாய். என்னடா இவ்வளவு பேசுகிறாய் என்று பிறகு கேட்டேன். "சுறா வந்தா என்ன செய்யணும்னு சொல்றேன்மா" என்றாய். அப்படியானால் இறங்கவே வேண்டாம், வா வீட்டுக்கு என்றேன். நீ சிரித்தாய். இங்கே அனேகமாக வராது, வந்தாலும் படத்தில் வருகிற மாதிரி மனிதனைத் தேடி வராது, என்ன இது என்று பார்த்துவிட்டுப் போய்விடும் என்றாய். தண்ணீரை அடித்துக் கலக்கக் கூடாது. காலைப் பலகை மேல் மடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் நெருங்கி வந்து, சேர்ந்தே கரைக்கு வர வேண்டும். ஒருத்தரை விட்டு ஒருத்தர் வரக்கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன் என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. என் பிள்ளை மற்றவர்களின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நீ சொன்னதைத்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. கிளாரா, அந்தப் பன்னிரண்டு வயது வெள்ளைக்காரப் பிள்ளை, போன வருடமும் உன்னிடம்தான் படித்தாள். இந்த வருடமும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு உன்னைத் தேடியே வந்தாள். அன்று காலை அவளைத் தள்ளி உள்ள பெரிய அலைக்கு முதல்முதலாகக் கூட்டிப் போனாய். நீங்கள் இரண்டு பேர் மட்டும். அலைக்காகக் காத்துக்கொண்டு பலகைகளில் உட்கார்ந்திருந்தபோது உன் காலில் ஏதோ உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தாய். உன் பலகையை விட நீளமான முதுகு. அப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றாய். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். ஒரு அலை வந்தது, அதில் ஏறிக் கரைக்கே வந்துவிட்டாய். மணலில் கால் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாய். அவள் அங்கேயே இருந்தாள். தனியாக. காலை மடக்கிப் பலகை மேல் வைத்துக்கொண்டு, நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே.

அங்கே ஒரு மீன்காரர் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். நீ கத்திக்கொண்டு ஓடி அதில் ஏறினாய். போய் அவளைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். சுறா போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. உன் கெண்டைக்காலில்தான் தோல் உரிந்திருந்தது. கரையில் நின்றவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? நீ மின்னல் மாதிரி வந்தாய், படகைப் பிடித்தாய், மறுபடி போனாய். ஆகவே நீ படகு எடுக்கத்தான் வந்தாய் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பிறகு கதை வளர்ந்தது. நீ தண்ணீரை அடித்துச் சத்தம் போட்டு, சுறாவை உன் பின்னால் இழுத்துக்கொண்டு வந்ததாக யாரோ ஒருத்தன் சொன்னான். அதற்கு உன் கால் காயமே சாட்சியாகிவிட்டது. கிளாராவின் அப்பா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார். உன் முதலாளி உன் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினான். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் நீ இங்கே வந்துவிட்டாய். கால் ஆறவில்லை, லீவு என்றாய். பவளப் பாறை கிழித்தது என்று என்னிடம் சொன்னாய். நான் மருந்து போட உன் காலை மடியில் எடுத்து வைத்தேன். முப்பது வருடமாகச் சுறாத் தோலில் கை தேய்ந்தவளிடம் சொல்லுகிற பொய்யா அது? வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் அரத்தைப் போலக் கையைச் சீவிவிடும் அந்தத் தோல். காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நீயே சொன்னாய். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "நான் ஓடிட்டேன்மா" என்று முடித்தாய்.

அன்று நான் உனக்குச் சொன்ன புத்தி தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும்தான் இந்தக் கடிதம். "யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்ல? பேரு நல்லாத்தானே இருக்கு? வாய மூடிக்கிட்டு இரு" என்றேன். யாவாரக்காரி புத்தி. தானாக வந்த நல்ல பேரை எவனாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பானா என்று நினைத்தேன். நீ ஓடியது எனக்கு ஒரு குற்றமாகவே படவில்லை, இன்றைக்கும் படவில்லை. மலையில் குளவி கலைந்தால் எல்லாரும் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடத்தான் செய்கிறார்கள். ஓடியவளை நம்ம ஆட்கள் யாரும் கேவலமாகப் பேசி நான் கேட்டதில்லை. கால் தானாக ஓடும். அதைப் பிடித்து நிறுத்துகிறவன் படத்தில்தான் இருப்பான். ஆகவே இதை இத்தோடு விட்டுவிடலாம், நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குத் தப்பியது. உன் முதலாளி போனில் போட்டுவிட்ட படம் நீ வருவதற்கு முன்பே மலை ஏறிவிட்டது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. ஆடித் திருவிழாவுக்குக் கோயில் தலைவர் கடைக்கே வந்து, உனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நின்றார். நீ வேண்டாம் என்றாய். கூச்சப்படுகிறான் என்றார். வற்புறுத்தியதில் நானும் ஒருத்தி. இரத்தினபுரியில் அடித்துக்கொண்டு வந்த பேனரைப் பார்த்தாயே, ஒரு பக்கம் நீ, மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு ஏதோ படத்தில் வந்த சுறா. அதன் வாயில் பல் மட்டும் ஒரு பெட்டி இருக்கும். ஸ்பீக்கரில் உன் பேரைக் கூப்பிட்டபோது சனம் தட்டிய தட்டு எனக்கு அந்தப் பிள்ளைக் காம்பராவை ஞாபகப்படுத்தியது. அன்றைக்கு ஓடியவனைச் சுறா தின்றதற்குத் தட்டினார்கள். இன்றைக்கு ஓடியவனுக்குப் பொன்னாடை போர்த்தித் தட்டினார்கள். மாரியாயி கூட்டத்திலிருந்து சத்தம் போட்டாள்: "கருவாட்டுக்காரி மகன்னு சுறாவுக்கே தெரிஞ்சிருக்கு, அதான் பயந்து ஓடிருச்சு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்த்தேன். உன் அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்தபோதுகூட உன் முகம் அப்படி இல்லை.

மறுநாள் காலையில் கடை திறந்த கையோடு, மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நீ மிச்சத்தைச் சொன்னாய். முதல் தடவை சொல்லாமல் விட்டதை.

"படகுல ஏத்தினதும் அந்தப் பிள்ள ஒண்ணு கேட்டுச்சும்மா."

"என்ன கேட்டுச்சு?"

"ஏன் என்ன விட்டுட்டுப் போனீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"படகு கொண்டாரப் போனேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"தலைய மட்டும் ஆட்டுச்சு."

அதோடுதான் நீ சாவியைக் கேட்டாய். நான் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ கட்டாக் கருவாடு கேட்டு வந்தார்கள். நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கு உன் நினைப்புப் போய் அந்தப் பிள்ளை நினைப்பு வந்துவிட்டது. நான் முகம்கூடப் பார்க்காத பிள்ளை. அவளுடைய அப்பா உன்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் எங்கே நின்றாள் என்று உன்னைக் கேட்டேன். பக்கத்தில்தான் என்றாய். படம் எடுக்கும்போது? பக்கத்தில்தான். அதற்குப் பிறகு தண்ணீருக்குள் இறங்கினாளா? இல்லை என்றாய். சுறாவுக்குப் பயந்துவிட்டாள், நீ ஒருவன் சொன்னால்தான் கேட்பாள், திரும்ப வந்து அவளைக் கூட்டிப் போ என்று அவள் அப்பா உனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார் என்றாய். மாதக் கடைசி வரை அங்கேதான் இருக்கிறார்கள் என்றாய்.

யோசித்துப் பார், தம்பி. அவள் கண்ணால் பார்த்தது ஒன்று. ஊர் முழுக்கச் சொல்வது வேறொன்று. அப்பா சொல்கிறார், உன் முதலாளி சொல்கிறான், சுவரில் மாட்டிய படம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், அவள் யாரை நம்பி அந்தத் தண்ணீருக்குள் வந்தாளோ அவன் சொல்கிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தன் கண்ணைத்தான் தப்பு என்று நினைக்கும். இல்லாவிட்டால் உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்தச் சுமை உன்னுடையது. அதை நீ அவள் தலையில் ஏற்றிவிட்டு மலைக்கு வந்துவிட்டாய். சுறாவை விட்டு ஓடியது ஒரு நிமிடம். அது உன் கையில் இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறாயே, இது உன் கையில்தான் இருக்கிறது.

மழைக் காலத்தில் ஈரம் ஏறிய கருவாட்டை அடியில் போட்டு, காய்ந்ததை மேலே பரப்பி விற்கிறவர்கள் உண்டு. பாவத்துக்குப் பயந்து நான் அதைச் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதே. அடியில் இருப்பது மேலே இருப்பதையும் கெடுத்துவிடும், முழு மூட்டையும் போய்விடும், அதனால்தான். இந்தச் சாவியை இன்று உன்னிடம் கொடுத்தால் நீ நன்றாகத்தான் கடை நடத்துவாய். ஆனால் 'சுறாவை விரட்டிய தம்பி' என்று ஒவ்வொருத்தரும் பேசிவிட்டுத்தான் சாமான் வாங்குவார்கள். அந்தப் பேச்சுக்கு நீ நாள் முழுக்கச் சிரிக்க வேண்டும். உன் பிள்ளைக்கும் அதே கதையைச் சொல்ல வேண்டும். எனக்கோ, பிள்ளை வீட்டோடு வந்துவிட்டான் என்ற லாபம். அந்த லாபம் எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, அது எனக்கு வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ ஒரு வெள்ளைக்காரரைக் கடைக்குக் கூட்டி வந்தாய். சிங்கராஜக் காட்டைப் பார்க்கக் கலவானைக்குப் போகிற வழியில். தொடையில் ஒரு கவளம் சதை இல்லாமல், பள்ளமாக, தையல் போட்ட தழும்போடு இருந்தார். வேறு ஏதோ தேசத்துக் கடலில் அலைக்குப் போனபோது சுறா கடித்தது என்றாய். தொங்கவிட்டிருந்த சுறாக் கருவாட்டைப் பார்த்துவிட்டு அவர் கையெடுத்துக் கும்பிட்டார், நமக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. அதன் மேல் கோபம் இல்லையா என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம். அதுக்குக் கை கிடையாது, வாயால்தான் தொட்டுப் பார்க்கும், தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போய்விட்டது என்றார். அப்போது கூட யாரும் இல்லையா என்று நான் கேட்டேன். நீதான் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாய்: "கூட வந்தவன் ஓடிட்டானாம்மா. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் பக்கத்துல நின்னு, நான் உன்ன விட்டுட்டு ஓடிட்டேன்னு சொன்னானாம். இன்னிக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கடலுக்குப் போறாங்களாம்." எனக்கு அது அப்போது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரர்கள் எதையும் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஒரு வாரமாக, கட்டில் பக்கத்தில் வந்து நின்றானே, அவனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு அந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுவது எப்படி இருந்திருக்கும்? கடிபட்டவனை விட அவனுக்குத்தான் அன்று அதிகம் வலித்திருக்கும். எந்தப் படத்திலும் இப்படி ஒருத்தனை நான் பார்க்கவில்லை. படத்தில் ஓடியவனுக்குத் திரும்பி வர நேரமே கொடுப்பதில்லை. உனக்கு இருக்கிறது, மாதக் கடைசி வரை.

அதனால் நான் சொல்வதைக் கேள். இது நீ பள்ளிக்கூடம் போன காலம் இல்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது. வா என்றுதான் கேட்க முடியும். நாளைக்குப் போவோம். முதலில் அந்தப் பிள்ளையிடம் பேசு, பிறகு அவள் அப்பாவிடம். முதலாளி கடைசியில். நீ நினைப்பது தலைகீழாக இருக்கும். பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதே. கேள்வி கேட்டவள் அவள்தான். அவளுக்குத்தான் பதில் கடன். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். பயமாக இருந்தது, அதனால் ஓடினேன், படகு எடுக்க வரவில்லை, நீ பார்த்ததுதான் நடந்தது என்று சொல். அழாதே. நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் போடாதே. மன்னித்துவிடு என்று கேட்டு அவளை அவசரப்படுத்தவும் வேண்டாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம்.

அவள் அப்பா சத்தம் போடுவார். போடட்டும், பெற்றவர். உன் முதலாளி படத்தைக் கழற்றுவான், உன்னையும் கழற்றி விடுவான். அந்தக் கரையில் யாரும் உன்னை நம்பிப் பிள்ளையை அனுப்பாமலும் போகலாம். அல்லது வேறு மாதிரியும் நடக்கலாம். எனக்குத் தெரியாததை நடக்கும் என்று சொல்லி உன்னைக் கூட்டிப் போக நான் தயாராக இல்லை. சரக்கு எப்படியோ அப்படித்தான் சொல்லுவேன். நீ தோற்று வந்தாலும் இந்தக் கடை இருக்கிறது, சாவி உனக்குத்தான். ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும் என்று வருகிறவனுக்குத்தான் தர மாட்டேன் என்கிறேன். கோயில் ஆட்களுக்கு என்ன சொல்வது என்பதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்வோம். தலைவர் முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன். பொன்னாடை போர்த்த உன்னை முன்னால் தள்ளிவிட்டவள் நான்.

உன் அப்பா போனபோதுகூட இந்தக் கடையைச் சடங்குக்கு மட்டும்தான் பூட்டினேன். இப்போது சம்பள வாரத்தில் பூட்டப்போகிறேன் என்று பக்கத்துக் கடை முதலாளியிடம் சொன்னேன். எங்கே என்று கேட்டார். முகுது வெரளட்ட, கடற்கரைக்கு என்றேன். இந்த வயதிலா என்று சிரித்தார். கதவில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியாகிவிட்டது. காலை முதல் பஸ்ஸில் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய், அங்கிருந்து வெல்லவாய, மொனராகலை என்று மாறி மாறிப் போவோம். கட்டுச் சோறு நான் கட்டுகிறேன். வளைவில் எனக்கு வாந்தி வரும், நீ ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிடு.

நீ அந்தப் பிள்ளையிடம் பேசும்போது நான் தள்ளித்தான் நிற்பேன். உங்கள் பாஷை எனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். அவள் அப்பா கை ஓங்கினால் மட்டும் கிட்டே வருவேன். தடுக்க வரமாட்டேன். உன் பக்கத்தில் நிற்க வருவேன்.

அம்மா